ஐந்தாவது விளக்கு

வாசலில் பன்னிரண்டு விளக்கைப் பதித்துவிட்டு, அதை எரியவிடப் பயந்துகொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தெருமுனையில் ஒரு பழைய வெள்ளை வேன் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், வாயில் வைத்த காபியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் போய் சுவிட்சை அணைப்பார். வேன் போன பிறகு மறுபடி போடுவார்.

"என்னப்பா, கரண்டை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாடா" என்றார். பச்சைப் பொய். மனிதர் மிச்சம் பிடித்தது கரண்டை இல்லை.

இத்தனைக்கும் அந்த விளக்குகள் ஜம்பத்துக்காகப் போட்டவை அல்ல. கேட்டிலிருந்து கார் ஷெட்டு வரைக்கும் சிமெண்டுப் பாதை, ஒரு கார் போகக் கொஞ்சம் மிஞ்சுகிற அகலம்தான். இடது கைப் பக்கம் மதில். வலது கைப் பக்கம் மூடியில்லாத சாக்கடை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை பின்சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கிவிட்டாள். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்துதான் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குச் சேறு ஒட்டிய செருப்போடு நடுக்கூடத்தில் நின்று சொன்னாள்: "இன்னொரு தடவை நான் அந்தச் சாக்கடைல இறங்கினேன்னா, காரை அங்கேயே விட்டுட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க பாதையாச்சு."

கம்பம் நட்டு விளக்கு போட இடமில்லை. கம்பம் வந்தால் கார் போகாது. தரையோடு தரையாகப் பதிக்கிற விளக்கென்றால் அதன்மேல் காரே ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் ஒயர்மேன் வந்தார்.

அந்த வட்டாரத்தில் கரண்டு வேலை என்றால் எல்லாரும் முதலில் சொல்வது ஒயர்மேனைத்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் பென்சிலும் சாக்குக்கட்டியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேனில் வந்து இறங்கினார். அன்றைக்கு மனைவிக்கு டியூட்டி, வீட்டில் கண்ணாடிக்கடைக்காரர் மட்டும்தான். ஒயர்மேன் கேட்டிலிருந்து ஷெட்டு வரை நூல் கட்டினார். முட்டி போட்டு, தவழ்ந்து தவழ்ந்து, டேப்பை வைத்து அளந்து, சாக்குக்கட்டியால் பன்னிரண்டு வட்டம் போட்டார். மதில் பக்கம் ஆறு, சாக்கடைப் பக்கம் ஆறு. இரண்டு மணி நேரம். பேண்ட் முட்டி இரண்டும் வெளுத்துப் போயிற்று.

சாக்கடைப் பக்கத்து ஐந்தாவது வட்டத்துக்கு வந்தபோது ஒரு தடங்கல். அங்கே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. பழைய சாமான்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று ஒரு வாரமாக வெளியே நிறுத்தி வைத்திருந்தது, அதுவரை காரும் தெருவில்தான். இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தார்கள். அது அசைந்தால்தானே!

"இருக்கட்டும் சார். இப்போதைக்கு ஒரு முழம் உள்ள தள்ளி மார்க் பண்ணிக்கிறேன். வேலை ஆரம்பிக்கும்போது கோட்டுக்குக் கொண்டு வந்துடலாம்" என்றார் ஒயர்மேன்.

அப்புறம் வேன் பானெட்டின்மேல் கட்டம் போட்ட தாளை விரித்து, தரையில் போட்டதையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தார். எந்தக் குழி எவ்வளவு ஆழம், எத்தனை அங்குலம் ஜல்லி, ஒயர் போகிற குழாய் எது வழியாக வளையணும், எல்லாம் அச்சு மாதிரி எழுத்தில். மேல் மூலையில் தன் பேரும் போன் நம்பரும்.

"ஒரு லைட்டு என்ன விலை ஆகும்?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"லைட்டுக்கு ஒண்ணும் பெரிசா ஆகாது சார். தரைக்குத்தான் காசு. சிமெண்டை வட்டமா அறுக்கணும். ஒன்றரை அடி தோண்டணும். பாதிக்கு ஜல்லி போடணும், இல்லேன்னா மழைத்தண்ணி உள்ளேயே நின்னு ஆறே மாசத்துல லைட்டு போயிடும். மழைல யாரும் மிதிச்சா ஷாக் அடிக்கக் கூடாதுன்னா கரண்டைக் குறைச்சு விட ஒரு பெட்டி வேணும். அப்புறம் பூசி, ஏழு நாள் காய விடணும். எல்லாத்துக்கும் தனித்தனியா எழுதியிருக்கேன், பாருங்க."

கடைசியில் போட்டிருந்த மொத்தத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. எந்தச் செலவு வந்தாலும் அதற்கு எத்தனை கண்ணாடி விற்கணும் என்றுதான் மனசு ஓடும். பல் டாக்டர் என்றால் ஐந்து கண்ணாடி. வாஷிங் மெஷின் என்றால் முப்பது. இந்த விளக்கு நூற்றி நாற்பது கண்ணாடி! அதிலும் விளக்குக்கு நாற்பதுதான். மிச்சம் நூறும் மண்ணைத் தோண்டி மண்ணைப் போடுவதற்கு.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

சொன்னதும் அவருக்கே சுருக்கென்றது. ஏனென்றால் உலகத்தில் அவர் அடியோடு வெறுக்கிற ஒரு வாக்கியம் உண்டென்றால் அது இதுதான்.

அவர் கடையின் பின்னறையில் சோதனை நாற்காலி இருக்கிறது. வருகிறவர்களை உட்கார வைத்து, மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா" என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. கண்ணாடி விற்பதில் வருவதுதான் கூலி. ஆனால் பாருங்கள், பத்துப் பேரில் நாலு பேர் எல்லாம் முடிந்த பிறகு எழுந்து, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நழுவி, நேராகப் பெரிய கடைவீதிக்குப் போய் விலை மலிந்த கண்ணாடியாகப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். இதற்காகவே பவர் எழுதிய சீட்டைப் பணம் வராமல் அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை. ஒரு நாள் ஐந்து பேர் கொண்ட குடும்பமே மொத்தமாகச் சோதித்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்கவும் மனிதருக்குத் தைரியம் கிடையாது. ஆகவே ஒரு அட்டையில் எழுதி, எழுத்துப் பலகைக்குக் கீழே, கடைசி வரியைவிடப் பொடி எழுத்தில் ஒட்டி வைத்தார்: *இங்கே கண்ணைச் சோதித்துக்கொண்டு வேறு கடையில் கண்ணாடி வாங்குகிறவர் என் நேரத்தைத் திருடுகிறார்.*

"நல்லா இருக்கு போங்க" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணு தெரியாதவன் இதைப் படிக்க முடியாது. கண்ணு தெரியுறவன் உங்க கடைக்கு எதுக்கு வரப் போறான்?"

நாலு வருஷமாக அந்த அட்டையைக் கடைக்கு வந்தவர் ஒருத்தரும் படித்ததில்லை.

ஒயர்மேனுக்கு இந்தச் சீட்டு ரகசியமெல்லாம் தெரியாது. வரைபடத்தை அப்படியே நீட்டினார். "வெச்சுக்கோங்க சார். வீட்ல காட்டுங்க. புரியலைன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறினார். ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. கொடுக்கவும் நம் ஆளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு வந்த ஒருத்தர் மூலமாக இன்னொரு ஆள் கிடைத்தார். இவருக்குக் காதிலிருந்து போன் இறங்காது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை யாரையோ "ஹலோ" என்பார். அதனால் பின்னால் மனைவி இவருக்கு ஹலோ என்றே பேர் வைத்துவிட்டாள். ஹலோ மலிவாகச் செய்வார் என்று சொன்னார்கள். அவர் கடைக்கு வரப்போகிற அன்றைக்குக் காலையில் கண்ணாடிக்கடைக்காரர் மேஜை டிராயரைத் திறந்து வரைபடத்தை எடுத்தார். கத்தரிக்கோலையும் எடுத்தார். மேல் மூலையில் இருந்த பேரையும் நம்பரையும் ஒரே வெட்டாக வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். கை நடுங்கியது என்று சொன்னால் அவருக்குக் கௌரவமாக இருக்கும். நடுங்கவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்கு அளவு அட்டை வெட்டிப் பழகிய கை, நேர்த்தியாக வெட்டியது.

ஹலோ வரைபடத்தைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்தே எடுத்துவிட்டார். "யாருண்ணே போட்டது? சுத்தமா இருக்கே!"

இன்னொரு ஒயர்மேன் போட்டது என்றால் ஹலோ தொடமாட்டாரோ என்று ஒரு பயம். அதோடு, சொல்ல வெட்கம்.

"நான்தான் சும்மா போட்டுப் பார்த்தேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பெரிய ஆளுண்ணே நீங்க! அளவெடுக்குற வேலையே எனக்கு மிச்சம். குறைச்சே போட்டுக்கலாம்."

தொண்ணூறு கண்ணாடிக்குப் படிந்தது. ஐம்பது கண்ணாடி லாபம். ஒயர்மேன் நடுவில் இரண்டு தடவை போன் பண்ணினார். "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கோம்" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை போனையே எடுக்கவில்லை.

குறை சொல்லக் கூடாது, ஹலோ வேலை சுத்தம். தாளில் இருந்ததை ஒரு நூல் பிசகாமல் அப்படியே தரையில் இறக்கிவிட்டார். ஏழாம் நாள் சாயங்காலம் மனைவியும் மகளும் வாசலில் நிற்க, கண்ணாடிக்கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். பன்னிரண்டும் எரிந்தன. மகள் கை தட்டினாள். மனைவி கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையைச் சாய்த்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் அஞ்சாவது லைட்டு மட்டும் ஏன் உள்ள வந்து நிக்குது?"

அப்போதுதான் அவருக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. ஒயர்மேன் எல்லாவற்றையும் தாளில் எழுதியிருந்தார், அந்த ஒன்றை மட்டும் வாயால் சொல்லியிருந்தார். கேட்டவர் இவர் ஒருத்தர்தான். ஃப்ரிட்ஜோ மறுநாளே பழைய சாமான்காரரோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"அது... டிசைன்" என்றார்.

"டிசைனா?"

"ஆமாங்கக்கா, அண்ணன் போட்டதுதான் எல்லாம்" என்று ஹலோ போனைப் பொத்திக்கொண்டு சாட்சி சொன்னார். "நான் தாளைப் பார்த்து அப்படியே இறக்கிட்டேன்."

மனைவி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா வரைஞ்சீங்க? இத்தனை வருஷம் இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எங்க வீட்டுக்காரரே பிளான் போட்டார், இஞ்சினியருக்குப் படிச்சிருக்க வேண்டிய ஆளு, என்று. அவர்களில் ஒருத்தி வந்து போட்டோவே எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு கார் சாக்கடையில் இறங்கவில்லை. ஆனால் அவள் தினமும் ஏழு மணிக்கு கேட்டுக்குள் நுழைந்து, நாலு விளக்கு வரை நேராக வந்து, ஐந்தாவதன் அருகே மட்டும் இடது பக்கம் ஒரு வளைவு வளைந்து, மறுபடி நேராவாள். மேலே ஏற்றினால் உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம். சொன்னாலும் கேட்கவில்லை. இவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். நாலு விளக்கு, ஒரு வளைவு. தினம் தினம். சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். அதற்கு முன்னாலேயே வேன் சத்தத்துக்கு வேறு ஓடணும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் ஒயர்மேனுக்குத் தெரியாது என்று நினைத்தாரே தவிர, பகலில் பன்னிரண்டு எவர்சில்வர் வளையமும் வெயிலில் பளபளவென்று மின்னுமே என்பது அந்த மேதாவிக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒயர்மேன் உள்ளே வந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த சட்டத்தைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கப்போகிறான். இதோ கேட்கப்போகிறான். என்ன சொல்வது?

"சார், கண்ணைக் கொஞ்சம் பார்க்கணும்" என்றார் ஒயர்மேன்.

"கண்ணா?"

"ஆமா சார். கண்ணு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

பின்னறைக்குப் போனார்கள். ஒயர்மேன் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, சாக்குக்கட்டியைக் காணோம். கண்ணாடிக்கடைக்காரர் சோதனைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, எதையாவது கேட்கணுமே என்று கேட்டார்: "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"சொல்லவே வெட்கமா இருக்கு சார்." ஒயர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வீட்டு வழியாத்தான் தினம் போறேன். லைட்டு போட்டுட்டீங்க. வேற ஆளை வெச்சுப் போட்டது உங்க இஷ்டம், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. பார்த்தா நான் போட்ட அளவுதான். எடத்துக்கு எடம் அப்படியே இருக்கு. ஆனா அந்த அஞ்சாவது... ஒரு முழம் உள்ள இருக்கு சார்! ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம்னா மனுஷனுக்குத் தப்புறதுதான்னு விட்டுடலாம். ஒரு முழம்! இருபத்தி ரெண்டு வருஷமா நூல் பிடிக்கிற கை இது. வேனை நிறுத்தி இறங்கி வந்து கேட்டு வழியா பார்த்தேன் சார், ஒரு நாள். எனக்கு உடம்பே கூசிப் போச்சு. நல்லவேளை, நீங்க எங்கிட்ட வேலையைக் குடுக்கலை."

கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒரு சில்லை எடுத்துத் துடைத்தார்.

"அதுலேருந்து அளவு எடுக்குற வேலைக்கே போறதில்ல சார்" என்றார் ஒயர்மேன். "டேப்பை எடுத்தாலே பயமா இருக்கு. மூணு பெரிய வேலை வந்துச்சு, வேற ஆளுங்களைக் கை காட்டி விட்டுட்டேன். வீட்லயும் சொல்லிட்டேன், இனிமே சுவிட்சு மாத்துறது, ஃபேன் மாட்டுறதோட சரின்னு. அப்புறம் அவதான் சொன்னா, எதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்கன்னு."

ஒரு ஃப்ரிட்ஜ். ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் என்று சொன்னால் முடிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், அது உனக்குத் தெரியும் என்றால் வேலை செய்த ஹலோவிடம் ஏன் சொல்லவில்லை என்று வரும். வரைபடத்தை யார் போட்டதாகச் சொன்னாய் என்று வரும். வெட்டின மூலை வரும். எல்லாம் சரம் சரமாக வரும்.

சோதனையை ஆரம்பித்தார். வலது கண்ணை மூடி, இடது கண்ணை மூடி, சில்லு மாற்றி. ஒயர்மேன் எல்லா வரியையும் கடகடவென்று படித்தார். வெறுங்கண்ணாலும் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த வயதுக்கு இப்படி ஒரு பார்வையை அவர் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கேவலமான யோசனைதான், மறைப்பானேன். லேசாக ஒரு பவர் இருக்கிறது என்று சொல்லி, பவரே இல்லாத கண்ணாடி ஒன்றை நல்ல சட்டத்தில் போட்டு இனாமாகக் கொடுத்துவிட்டால்? இந்த ஆளுக்குத் தைரியம் வந்துவிடும். மறுபடி அளவு வேலைக்குப் போவான். கடனும் ஒரு மாதிரி தீர்ந்த மாதிரி. யாருக்கும் நஷ்டமில்லை. அலமாரியிலிருந்து இருப்பதிலேயே விலை கூடின சட்டத்தைக் கையில்கூட எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதானா சார்? கீழ இன்னும் ஒரு வரி இருக்கே, அதைப் படிக்கச் சொல்லலியே" என்றார் ஒயர்மேன்.

"எது?"

"இதோ, பொடி எழுத்துல." ஒயர்மேன் முதுகை நிமிர்த்தினார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிறவர் மாதிரி, ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். "இங்கே... கண்ணைச் சோதித்துக்கொண்டு... வேறு கடையில் கண்ணாடி வாங்குகிறவர்... என் நேரத்தைத்... திருடுகிறார்." படித்து முடித்துவிட்டுத் திரும்பினார். "சரியா சார்?"

கண்ணாடிக்கடைக்காரர் சட்டத்தை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காது, கழுத்து எல்லாம் கொதித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"சரிதான்" என்றார். "உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. கண்ணாடியே வேண்டாம் உங்களுக்கு."

"அப்போ அந்த அஞ்சாவது?"

"அன்னைக்கு அங்க ஒரு ஃப்ரிட்ஜ் நின்னுச்சு. ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம். இப்போதைக்கு ஒரு முழம் தள்ளி மார்க் பண்றேன், வேலை ஆரம்பிக்கும்போது கோட்டுக்குக் கொண்டு வந்துடலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

ஒயர்மேன் அவரையே பார்த்தார். கண் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. "ஃப்ரிட்ஜு! வெள்ளை ஃப்ரிட்ஜு! கதவுல பொம்மை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு!" தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அட கடவுளே! வாரத்துக்குப் பத்து வீடு பார்க்குறேன், மறந்தே போச்சு சார். அப்போ என் அளவு சரியா? கை சரியா?"

"எல்லாம் சரி."

ஒயர்மேன் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரரால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். பேரை வெட்டியதைச் சொன்னார். நானே போட்டேன் என்று சொன்னதைச் சொன்னார். டிசைன் என்று மனைவியிடம் சொன்னதையும், வேன் சத்தம் கேட்டு விளக்கை அணைத்ததையும்கூட விடவில்லை. சொல்லச் சொல்லச் சிரிப்புச் சத்தம் நின்று போனது.

ஒயர்மேன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து விரலில் உருட்டினார்.

"மூணு வேலை சார்" என்றார் ஒயர்மேன், மெதுவாக. "நான் குருடாயிட்டேன்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"தெரியும். என்ன சொல்றதுன்னே..."

"கட்டுப்படி ஆகலைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பேப்பருக்கு மட்டும் ஒரு கூலி வாங்கிட்டு நானே குடுத்திருப்பேன். எடுத்துட்டுப் போங்க, யாரை வெச்சு வேணும்னாலும் செஞ்சுக்கோங்கன்னு. ஃப்ரிட்ஜையும் எழுதிக் குடுத்திருப்பேன்." எழுந்து சட்டைப்பைக்குள் கையை விட்டார். "சோதனைக்கு எவ்வளவு சார்?"

"ஐயோ! வேண்டாங்க. உங்ககிட்ட நான் எப்படி..."

"கண்ணாடி வாங்கலையே. இப்பத்தானே படிச்சேன்."

ஒரு நோட்டை எடுத்து, கண்ணாடிச் சில்லுப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்தார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று தேற்றிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் நிஜமாகவே கூலி கொடுத்தார்.

"அந்த லைட்டை நீங்களே வந்து சரி பண்ணிக் குடுத்தா, நீங்க கேட்குற..." என்று இவர் பின்னாலேயே போனார்.

"அது அவர் வேலை சார். இன்னொருத்தர் செஞ்ச வேலைல நான் கை வைக்க மாட்டேன். அவரையே கூப்பிடுங்க." ஒயர்மேன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். "கூப்பிடும்போது, அந்தக் கோடு யாரு போட்டதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் தெருமுனையில் வெள்ளை வேன் திரும்பியது. கண்ணாடிக்கடைக்காரர் விளக்கை அணைக்கவில்லை. பாதையில் இறங்கி, ஐந்தாவது விளக்குக்குப் பக்கத்தில் நின்றார். வேன் வேகத்தைக் குறைக்காமல் போயிற்று. ஏழு மணிக்கு மனைவியின் கார் உள்ளே வந்தது. நாலு விளக்கு நேராக வந்து, ஐந்தாவதில் வளைந்து, அவரை ஒட்டி நின்றது.

"என்னங்க, இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

கையைக் காட்டி அவளை நிற்கச் சொல்லிவிட்டு ஹலோவுக்குப் போன் பண்ணினார். "தம்பி, அந்த அஞ்சாவது லைட்டைக் கோட்டுக்குக் கொண்டு வரணும்."

"மறுபடி அறுக்கணும், தோண்டணும், பூசணும்ணே. ஒரு லைட்டுதானேன்னு நினைக்காதீங்க, ஆகுறது ஆகும்" என்றார் ஹலோ. ஆகுறது பத்து கண்ணாடி என்று மனசு தானாகவே போட்டது. "ஆமா, அது உங்க டிசைன்னுதானே சொன்னீங்க?"

மனைவி கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல தம்பி. அதை நான் வரையலை." பிறகு குப்பைக்கூடையில் போட்ட அந்தப் பேரை வாய் விட்டு, தெளிவாகச் சொன்னார். "அவர் வரைஞ்சது. அவர்கிட்டச் சொல்லாம எடுத்து உங்ககிட்டக் குடுத்துட்டேன்."

போனை வைத்த பிறகும் மனைவி அசையவில்லை. கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"அப்போ டிசைன் இல்லையா?"

"இல்லம்மா. அன்னைக்கு அங்க நம்ம பழைய ஃப்ரிட்ஜ் நின்னுச்சு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். எதற்கும் சிரிக்கிறவள்தான். அவள் காரை அங்கேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.